பத்தாண்டுக் காத்திருப்பு

(விழா அரங்கில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரைக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள், பல இல்லங்களில் உள்ளுக்குள் புழுங்குவது, வாய்விட்டுப் பேசப்படாதது. நாற்பதை நெருங்கும் மகன். நிலையான வேலை, குறையில்லாத ஊதியம், தவணையில் வாங்கிய வீடு, பள்ளியில் படிக்கும் பிள்ளைகள். ஆயினும் திங்கட்கிழமை காலையில் அவன் முகத்தில் ஒளி இல்லை. தன் கல்விக்கும் தன் வேலைக்கும் தொடர்பில்லை என்ற எண்ணம் பதினைந்து ஆண்டுகளாக அவனை அரித்துக்கொண்டிருக்கிறது. வேறொரு பணி மனத்தில் இருக்கிறது. அதற்கான வழிதான் திறக்கவில்லை. மகளின் நிலையும் இதுவாக இருக்கலாம். வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்து ஊர்களில் உழவை நம்பி வாழ்ந்த பெற்றோர், வயிற்றைக் கட்டிப் படிக்கவைத்த பிள்ளைகள் இவர்கள். ஆகவே, "இந்த வேலை பிடிக்கவில்லை" என்று சொல்வதே நன்றி மறப்பதுபோல அவர்களுக்குத் தோன்றுகிறது. "கால் காசு உத்தியோகமானாலும் கவர்மெண்டு உத்தியோகம்" என்ற பழமொழி வழங்கும் நாட்டில் அந்த அச்சம் இயல்பே.

இருக்கும் பணியை விட்டு விரும்பும் பணிக்குச் செல்லும் நாள்வரை ஒருவர் எவ்வாறு காத்திருக்க வேண்டும்? இடைப்பட்ட அந்தக் காலத்தை என்ன செய்ய வேண்டும்? இதற்கு அறிவுரையைவிட வாழ்க்கை வரலாறே தெளிவான விடை தரும்.

ஆதிநாதப் பெருமான் மாந்தர்க்கு அறுதொழில்களைக் கற்பித்தார் என்பது சமண மரபு. அசி என்னும் வாள்தொழில், மசி என்னும் எழுத்துத்தொழில், கிருஷி என்னும் உழவு, வித்தை, வாணிகம், சிற்பம் என்பன அவை. ஆறும் வாழ்வதற்கு உரிய வழிகளே. ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்னும் பேச்சுக்கு அங்கே இடமில்லை. ஆயினும் எல்லாத் தொழிலும் எல்லார்க்கும் பொருந்துவதில்லை. மசியால் பிழைத்துக்கொண்டே வித்தைக்காகக் காத்திருந்த ஒருவரின் கதையே இன்று விரித்துரைக்கத் தக்கது. அவர் சர் சி. வி. இராமன்.

இராமனுடைய நோபல் பரிசை அறியாதவர் இல்லை. அப்பரிசுக்கு முன்னர் அவர் பத்தாண்டுக் காலம் அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் பணியாற்றினார் என்பதைப் பலரும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். உண்மையில் கற்க வேண்டிய பாடம் அந்தப் பத்தாண்டில்தான் இருக்கிறது.

1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் அவர் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர். சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. தேர்வை 1904இல் முதன்மையாக முடித்தார்; எம்.ஏ. பட்டத்தை 1907இல் பெற்றார். மாணவராக இருக்கும்போதே, 1906இல், ஒளியின் விளிம்பு விலகலைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை இலண்டனில் வெளிவரும் புகழ்மிக்க அறிவியல் இதழொன்றில் அச்சேறியது. இத்தகைய ஒருவர் இங்கிலாந்து சென்று மேற்படிப்புப் படித்திருக்க வேண்டும். ஆனால் அந்நாட்டுத் தட்பவெப்பத்தை அவருடைய மெலிந்த உடல் தாங்காது என்று மருத்துவ அதிகாரி தடுத்துவிட்டார். அந்நாளில் இந்தியாவில் அறிவியல் ஆய்வையே தொழிலாகக் கொண்டு குடும்பம் நடத்த வழியில்லை. அதனால் அவர் நிதித்துறைத் தேர்வை எழுதினார், முதலிடம் பெற்றார். 1907ஆம் ஆண்டின் நடுவில், பத்தொன்பது வயது நிறையும் முன்பே, கல்கத்தாவில் உதவித் தலைமைக் கணக்காயராகப் பணியில் அமர்ந்தார். அதே ஆண்டில் உலோகசுந்தரி அம்மையாரை மணந்துகொண்டார்.

ஊர் மெச்சும் வேலை அது. ஊதியம் மிகுதி, மதிப்பு மிகுதி, எதிர்காலம் உறுதி. குறை ஒன்றே: அவருடைய உள்ளம் அங்கே இல்லை.

கல்கத்தா பவுபஜார் தெருவில் 210ஆம் எண்ணில் ஒரு கட்டடம் இருந்தது. டிராம் வண்டியில் செல்லும்போது அதன் பெயர்ப்பலகை இராமனின் கண்ணில் பட்டது. இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்பது அதன் பெயர். மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876இல் நிறுவிய கழகம் அது. இந்தியர்கள் தாமே ஆய்வு செய்து அறிவியலை வளர்க்க வேண்டும் என்பது அவருடைய கனவு. கூடம் எழுந்தது, கருவிகள் வந்தன, சொற்பொழிவுகளும் நிகழ்ந்தன. ஆய்வு செய்வதற்குத்தான் ஆட்கள் வரவில்லை. அந்த ஏக்கத்துடனேயே அவர் 1904இல் மறைந்தார். அவருடைய மகன் அமிர்தலால் சர்க்கார் செயலாளராக இருந்தபோதுதான் இராமன் அந்தக் கதவைத் தட்டினார். வெறுமனே கிடந்த ஆய்வுக்கூடம் அவருக்குத் திறந்துவிடப்பட்டது.

அன்று தொடங்கியது இரட்டை வாழ்க்கை. விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கழகத்திற்குச் செல்வார். பத்து மணி நெருங்கும்போது வீடு திரும்பி, குளித்து, அவசரமாக உண்டு, அலுவலகம் விரைவார். மாலை ஐந்து மணிக்கு அலுவலகம் முடிந்ததும் மீண்டும் கழகம். இரவு வெகுநேரம் கழித்தே வீடு. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆய்வுக்கூடத்திலேயே கழியும். ஆசுதோஷ் தே என்னும் உதவியாளர் ஒருவர் அவருக்குத் துணையாக வாய்த்தார். பல்கலைக்கழகத்தின் படியையே மிதிக்காதவர் அவர். இராமனோடு உழைத்து உழைத்து, இலண்டன் அரச கழகத்தின் ஏட்டில் தம் பெயரில் கட்டுரை வெளியிடும் அளவுக்கு அவர் உயர்ந்தார்.

விலையுயர்ந்த கருவிகள் வேண்டும் என்று இராமன் காத்திருக்கவில்லை. கைக்கு எட்டியவற்றையே ஆராய்ந்தார். தெருப்பாடகர் மீட்டும் ஏக்தாராவைப் பற்றி 1909இல் எழுதினார். வயலினின் நரம்பு வில் பட்டு எவ்வாறு அதிர்கிறது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தார். வீணை, மிருதங்கம், தபலா ஆகியனவும் அவருடைய ஆய்வுப் பொருள்களாயின.

காத்திருப்பு நேர்கோடாகச் செல்வதில்லை. 1909இல் அவருக்கு இரங்கூனுக்கு மாற்றல் வந்தது, 1910இல் நாகபுரிக்கு. அதே 1910இல் தந்தையாரும் காலமானார். இரண்டாண்டு உழைத்துக் கண்டெடுத்த ஆய்வுக்கூடம் தொலைவாகிவிட்டது. இத்தகைய கட்டத்தில்தான் பலருடைய கனவு அணைந்துபோகும். "மாற்றல் வந்துவிட்டது, பிள்ளை பிறந்துவிட்டது, தந்தை மறைந்துவிட்டார், இனி எதற்கு?" என்று உள்ளம் சோர்ந்துவிடும். இராமன் தாம் சென்ற ஊரில் வீட்டின் ஒரு பகுதியையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். 1911இல் கல்கத்தாவுக்கே மீண்டும் மாற்றல் கிடைத்தபோது, கழகத்தை ஒட்டிய வீட்டிலேயே குடியேறினார். வீட்டிலிருந்து ஆய்வுக்கூடத்திற்குச் செல்ல ஒரு கதவும் அமைந்தது.

இனி, வாய்ப்பு வந்த கதையைக் காண வேண்டும். தாரகநாத் பாலித் என்னும் வழக்கறிஞர் 1912இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்குப் பெரும் கொடை வழங்கினார். ராஷ்பிகாரி கோஷ் மறு ஆண்டில் வழங்கினார். அக்கொடைகளால் அறிவியல் கல்லூரி ஒன்று உருவாகி, 1914 மார்ச்சில் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. துணைவேந்தராயிருந்த ஆசுதோஷ் முகர்ஜி இயற்பியலுக்கான பாலித் பேராசிரியர் பதவிக்கு இராமனை அழைத்தார். இராமனுக்கு முனைவர் பட்டம் இல்லை. வெளிநாட்டுப் படிப்பு இல்லை. கற்பித்த அனுபவமும் இல்லை. அவரிடம் இருந்தவை, ஓய்வு நேரங்களில் எழுதி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளே. அவையே அவருக்குச் சான்றிதழாயின.

அழைப்பில் ஒரு தடை இருந்தது. அப்பதவியை ஏற்பவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பயிற்சிக்காக வெளிநாடு செல்ல இராமன் உடன்படவில்லை. ஏழாண்டு காத்திருந்தவர், கதவு திறக்கும்போது எந்த நிபந்தனைக்கும் தலையாட்டியிருக்கலாம், அவர் ஆட்டவில்லை. அதே சமயம், கோபித்துக்கொண்டு இருந்த வேலையை உதறவும் இல்லை. கணக்கு அலுவலகத்தில் தம் கடமையைச் செய்தபடியே இருந்தார். முடிவில் அந்த நிபந்தனை தளர்த்தப்பட்டது. 1917ஆம் ஆண்டு ஜூலையில் அவர் பேராசிரியரானார். அழைப்புக்கும் பதவியேற்புக்கும் இடையே மூன்று ஆண்டுகள்.

புதிய ஊதியம் பழைய ஊதியத்தில் ஏறத்தாழப் பாதி. நிதித்துறையோ அவரைத் தன் சிறந்த அலுவலர்களுள் ஒருவராக மதித்தது. அவரை இழக்க அதற்கு மனமில்லை. அவர் செய்த ஊதிய இழப்பை ஆசுதோஷ் முகர்ஜி வெளிப்படையாகவே பாராட்டினார். பாலித் பேராசிரியர் வகுப்பெடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆயினும் இராமன் விரும்பி வகுப்பெடுத்தார். பின்னர் நிகழ்ந்தவை உலகறிந்தவை: 1921இல் கடற்பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலம் எழுப்பிய வினா, 1928 பிப்ரவரி 28இல் கண்ட விளைவு, 1930இல் நோபல் பரிசு.

இந்த வரலாற்றிலிருந்து தெளியத்தக்கவை சில உள.

முதலாவது, இராமன் தமக்குப் பிடிக்காத வேலையைக் கெடுக்கவில்லை. "எப்படியும் விட்டுச் செல்லப்போகிறோம்" என்று கோப்புகளைத் தேங்கவிடுவோர் உண்டு. அவர்கள் கெடுத்துக்கொள்வது அலுவலகத்தை அன்று, தம் பழக்கத்தையே. பத்தாண்டு அரைமனத்துடன் உழைத்தவர்க்கு, விரும்பிய வேலை கிடைத்த மறுநாளே முழுமனம் வந்துவிடாது.

இரண்டாவது, அவர் வேலைக்காகக் காத்திருந்தார், தொழிலுக்காகக் காத்திருக்கவில்லை. ஆய்வு செய்யும் பதவி கிடைத்தபின் ஆய்வைத் தொடங்கலாம் என்று அவர் எண்ணியிருந்தால், 1914இல் அவரை அழைக்க எவர்க்கும் காரணம் இருந்திராது. ஆசிரியராக விரும்பும் வங்கி அலுவலர், தெருப்பிள்ளைகள் நால்வருக்கு இன்றே கணக்குச் சொல்லித் தரலாம். இயற்கை வேளாண்மைக்குத் திரும்ப விரும்பும் கணிப்பொறியாளர், ஊரில் உள்ள அரை ஏக்கரில் ஒரு பருவம் பயிரிட்டுப் பார்க்கலாம். அந்தச் சிறு முயற்சி இரண்டில் ஒன்றைக் காட்டிவிடும்: விருப்பம் மெய்யானது என்பதை, அல்லது, இருக்கும் வேலையின் மேலுள்ள சலிப்பே விருப்பம்போல் வேடமிட்டது என்பதை. இரண்டில் எதை அறிந்தாலும் நன்மையே.

மூன்றாவது, அவர் தம் தேவையை அளந்து வைத்திருந்தார். பாதி ஊதியத்தில் வாழ முடியும் என்று தெரிந்தவரே பாதி ஊதியத்தை ஏற்க முடியும். இல்லறத்தார்க்குரிய விரதங்களுள் பொருள் வரைதல் என்பதும் ஒன்று. தனக்கு இவ்வளவு போதும் என்று தானே எல்லை வகுத்துக்கொள்ளுதல். அதை மறுமைக்குரிய நோன்பாக மட்டுமே கருதுவோர் பலர். இம்மையிலும் அது மனிதனுக்கு விடுதலை தருகிறது. ஊதியம் உயர உயரச் செலவையும் தவணையையும் உயர்த்திக்கொண்டே சென்றவர், ஐம்பதாயிரம் வாங்கும்போதும் வேலையை விட முடியாது. இரண்டு இலட்சம் வாங்கும்போதும் விட முடியாது. கணவனும் மனைவியும் ஒரு மாலையில் அமர்ந்து, மாதச் செலவு எவ்வளவு, அதில் தவிர்க்க முடியாதது எவ்வளவு, கடன் எப்போது தீரும், எத்தனை மாதச் செலவுக்குச் சேமிப்பு இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிவிட்டால், அச்சத்தில் பாதி தீர்ந்துவிடும். எஞ்சிய பாதி உண்மையான கணக்கு. அதற்கு ஏற்பத் திட்டமிடலாம்.

நான்காவது, உலோகசுந்தரி அம்மையார். இராமனின் வரலாற்றில் அவர் பெயர் குறைவாகவே வருகிறது. பகலில் அலுவலகத்திலும் காலையிலும் இரவிலும் ஆய்வுக்கூடத்திலும் கணவர் இருந்த அந்தப் பத்தாண்டுகளில், மொழி தெரியாத நகரில் வீட்டைத் தாங்கியவர் அவரே. ஊதியம் பாதியானபோது அதே வீட்டை மீண்டும் தாங்கியவரும் அவரே. ஒருவருடைய கனவுக்குக் குடும்பம் முழுவதும் விலை கொடுக்கிறது. ஆதலால் முடிவும் குடும்பம் கூடி எடுத்ததாக இருக்க வேண்டும். இன்று மனைவியும் பணிக்குச் செல்கிறார். அவருக்கும் நிறைவேறாத விருப்பம் இருக்கக்கூடும். முதலில் ஒருவர், பின்னர் மற்றவர் என்று முறைவைத்துக்கொள்வதில் தவறில்லை. எப்போதும் ஒருவரே காத்திருப்பதுதான் தவறு.

இராமன் பதவி விலகியபோது அவருக்கு வயது இருபத்தெட்டு. நாற்பது வயதில் என்ன செய்வது என்ற வினா எழும். நியாயமான வினா. தமிழறிஞர் ச. வையாபுரிப்பிள்ளை 1891இல் பிறந்தவர். கல்லூரியில் தமிழில் சிறந்து விளங்கியவர். ஆயினும் சட்டம் படித்துத் திருவனந்தபுரத்திலும் பின்னர்த் திருநெல்வேலியிலும் வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார். அத்தொழிலுக்கு இடையிலேயே சுவடிகளைத் தேடினார், கட்டுரைகள் எழுதினார், 1922இல் மனோன்மணீயத்தைப் பதிப்பித்தார். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிக்குப் பதிப்பாசிரியராக 1926இல் அவர் அமர்ந்தபோது வயது முப்பத்தைந்து. மண்டலபுருடர் முதலிய சமணச் சான்றோர்கள் நிகண்டுகளாக வளர்த்த சொற்பொருள் துறையில், வழக்குமன்றத்தை விட்டுவந்த ஒருவர் பத்தாண்டு உழைத்து, 1936இல் பேரகராதியை நிறைவு செய்தார். வழக்குக் கட்டுகளைப் படித்து, சான்றுகளை நிறுத்துப் பார்த்த பயிற்சி, சொற்களின் வரலாற்றை ஆராயும்போது வீணாகியிருக்க முடியாது. பழைய தொழிலில் கழிந்த ஆண்டுகளை இழந்த ஆண்டுகளாக எண்ணுவோர்க்கு இது ஆறுதல்.

மூன்றாவதாக ஒருவரையும் நினைக்க வேண்டும். காத்திருந்த எல்லார்க்கும் கதவு திறந்துவிடுவதில்லை. பெ. நா. அப்புசாமியும் 1891இல் பிறந்தவரே, அவரும் வழக்கறிஞரே. தமிழில் அறிவியலை எழுத வேண்டும் என்பது அவர் வேட்கை. அதையே முழுநேரப் பணியாகக் கொள்ள அந்நாளில் எந்த நிறுவனமும் இடம் தரவில்லை. அவர் சட்டத்தொழிலை நடத்திக்கொண்டே 1917 முதல் தமிழில் அறிவியல் எழுதினார், முதுமையிலும் எழுதினார். இராமன் அலுவலகத்தை விட்டு வெளியேறிய அதே ஆண்டில், வெளியேறாமலே ஒருவர் தம் பணியைத் தொடங்கினார். வேலையை விடுவது ஒரு வழி. அது ஒன்றே வழி அன்று.

காத்திருக்கலாகாத இடங்களும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் இவ்வுரையை முடிப்பது முறையன்று. பொய்க்கணக்கில் கையெழுத்திடச் சொல்லும் இடம், எளியவரை ஏமாற்றி விற்கச் சொல்லும் இடம், பிற உயிர்க்கு ஊறு செய்து பிழைக்கச் சொல்லும் இடம், உடலும் உறக்கமும் குலைந்து மருத்துவரே எச்சரிக்கும் இடம் ஆகியவற்றில் பொறுமை அறமாகாது. அங்கே இருப்பதைவிடக் குறைந்த ஊதியத்தில் வேறெங்கேனும் இருப்பது மேல். இராமன் பொறுத்தது தமக்குப் பொருந்தாத பணியை. தீய பணியை அன்று. இந்த வேறுபாட்டைத் தெளிவாக உணர வேண்டும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளை வேலையை மாற்ற நினைப்பதாகச் சொல்லும்போது, "இதற்காகவா படிக்கவைத்தோம்?" என்ற கேள்வி நாவின் நுனிக்கு வரும். அதை அடக்கிக்கொண்டு, "அந்த வேலைக்காக இதுவரை என்ன செய்திருக்கிறாய்?" என்று கேளுங்கள். விடை இருந்தால் உதவுங்கள். விடை இல்லையென்றால், தொடங்கச் சொல்லுங்கள். சமுதாயத்தில் ஓய்வுபெற்ற அலுவலர், ஆசிரியர், வணிகர், உழவர் எனப் பல துறையினர் உள்ளனர். அறக்கட்டளை ஆண்டுக்கு ஒருமுறை அவர்களை ஒரே இடத்தில் அமர்த்தி, தொழில் மாற விரும்பும் நடுவயதினரோடு பேசவைத்தால், அதுவும் வித்தியாதானமே ஆகும்.

விடியற்காலை ஐந்தரை மணி இன்றும் எல்லார்க்கும் கிடைக்கிறது. அந்நேரத்தில் ஒரு மணியையேனும் விரும்பும் தொழிலுக்கு ஒதுக்கி, எஞ்சிய பகலை ஏற்ற கடமைக்கு நேர்மையாக வழங்கி வருவோர்க்கு, கதவு திறந்தாலும் திறக்காவிட்டாலும் வாழ்நாள் வீண்போவதில்லை. இருக்கும் பணியில் பழுதின்மையும், நாடும் பணியில் ஊக்கமும், இல்லத்தில் ஒற்றுமையும் அனைவர்க்கும் வாய்ப்பதாக.